சேத்தக்கா உட்கார்ந்த இடம்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று யாராவது சொன்னால் சேத்தக்காவுக்குச் சிரிப்பு வந்துவிடும். “கால விடாம ஆழம் எப்படித் தெரியும்?” என்று கேட்பாள். கேட்டுவிட்டு, எதிரில் இருப்பது வாய்க்காலோ பள்ளமோ, முதலில் தன் காலைத்தான் விடுவாள்.

அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது தோட்டத்துக் கணக்கரான கிராணி அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார். ஆனால் முழங்கால் வரை காயாத சேற்றோடு திரிகிறவளை அந்தப் பெயரால் கூப்பிட மற்றவர்களுக்கு வாய் வரவில்லை. பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவள் சேத்தக்காதான். அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

மலாயாவில், மூவாருக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டம் அது. முதல் உலகச் சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் தோட்டத்து மானேஜரான பெரிய துரையின் பங்களாவில் ஆயாவாக இருந்தேன். புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர, மூன்று வயது மகளோடு நின்ற என்னை, அவர் மனைவி துரைசாணி தன் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சேர்த்துக்கொண்டார். அந்த வேலை போனால் எனக்கும் என் மகளுக்கும் போக்கிடம் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

துரைசாணி முன்ஷியிடம் தமிழ் படித்தவர். புத்தகத்தில் எழுதியிருப்பது போலவே பேசுவார். நல்ல மனுஷி, ஆனால் ஊர் ஞாபகம் வந்துவிட்டால் பிடிவாதம். தன் தாய் வீட்டில் இருந்ததுபோல் பங்களாவுக்குக் கீழே ஒரு குளம் வேண்டும் என்று ஆரம்பித்தார். பங்களா மேட்டில் இருந்தது. முன்தாழ்வாரத்திலிருந்து புல்தரை சரிந்து இறங்கி, அடியில் எப்போதும் ஈரம் கசியும் ஒரு பள்ளத்தில் முடியும். அந்தப் பள்ளத்தை வெட்டிக் குளமாக்கினார்கள். எனக்கு இடுப்பளவு தண்ணீர் நின்றது. கொசு வளர்க்கக் குளம் வெட்டுகிறார்களே என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் தலையில் அடித்துக்கொண்டு, ஒரு தகர வாளி நிறையக் கொசுப்புழு தின்னும் சின்ன மீன்களைக் கொண்டுவந்து விட்டார்.

கரையில் வைக்கக் கப்பலில் செடி வந்தது. பெட்டி, பெட்டிக்குள் வைக்கோல், வைக்கோலுக்குள் சுருங்கிப்போன வேர்கள். ஊதாப் பூ, மஞ்சள் பூ என்று துரைசாணி ஒவ்வொன்றாகச் சொல்லி நட்டார். சில இலை விட்டன. ஒன்றிரண்டு பூக்கக்கூடச் செய்தன. கார்த்திகையில் அடைமழை பிடித்ததும் எல்லாம் கூழாகிவிட்டன. துரைசாணி தாழ்வாரத்தில் நின்று அழுதார். செடிக்காக ஒரு வெள்ளைக்காரி அழுவதை அன்றுதான் பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது.

அழுகியதைப் பிடுங்கிப் போடுவதற்குப் புல்லுவெட்டு கும்பலிலிருந்து ஒருத்தியை அனுப்பச் சொன்னார்கள். வந்தவள்தான் சேத்தக்கா.

அந்தக் காலத்துத் தோட்டத்தில் புல்லுவெட்டு என்றால் இன்றைக்கு உள்ளவர்களுக்குத் தெரியாது. ரப்பர் மரத்தடியில் செம்மண்ணைத் தவிர ஒரு பச்சை தெரியக்கூடாது. ஒரு கோரை முளைத்திருந்தாலும் கங்காணி வாயில் வண்டை வண்டையாக வரும். பத்து வருஷம் அப்படிப் பச்சையைக் கண்டால் கொத்தி எடுத்தவள் சேத்தக்கா. அவளிடம் போய் எதையாவது வளர்த்துக் கொடு என்று கேட்பார்கள் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள்.

அழுகியதை வாரிப் போட்டுவிட்டு அவள் போகவில்லை. சேற்றில் இறங்கி நின்றாள். வெற்றிலையை மென்றபடி ஒரே இடத்தில் அசையாமல் நின்றாள். பிறகு நாலடி தள்ளி அங்கே நின்றாள். துரைசாணிக்குப் பொறுக்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

“நீ இங்கே என்ன செய்கிறாய்?”

“மண்ணப் பாக்கறேன் தொரைசாணி.”

“மண்ணைக் கண்ணால் பார்க்க வேண்டும். காலால் அல்ல.”

“கண்ணுக்கு மேல இருக்கற ஈரந்தான் தெரியும். வேரு நிக்கறது கீழ. செடி நிக்கப் போற எடத்துல மொதல்ல நான் நின்னு பாக்கணும்ல?”

துரைசாணிக்கு அது பாதி புரிந்தது. மீதியை நான் எனக்குத் தெரிந்த மாதிரி விளக்கினேன். அன்றிலிருந்து சேத்தக்கா குளத்தோடு தங்கிவிட்டாள்.

அவள் கணக்கு சுலபமானது. காலை எடுத்ததும் அந்தக் காலடித் தடத்தில் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் ஊறுகிறது என்று பார்ப்பாள். எடுத்த உடனே நிரம்பினால் அங்கே வசம்பு. வெற்றிலைச் சாற்றை ஒரு தரம் துப்பும் நேரம் ஆனால் கல்வாழையும் சேம்பும். ஊறாமல் பளபளவென்று மட்டும் இருந்தால் வல்லாரை. தடம் பதியவே இல்லை என்றால், “இது நம்ம ஜாதி இல்ல, அவங்க ரோசாப்பூவ வெச்சிக்கட்டும்” என்று விட்டுவிடுவாள்.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. “ஒரு தரம் நட்டா நிக்கணும். வருசா வருசம் நட்டு வருசா வருசம் அழறதுக்கு நம்மால ஆகாது. அடியில கெழங்கு இருக்கணும். மேல என்ன ஆனாலும் கீழேருந்து வரணும்.” கல்வாழை டிரஸ்ஸர் வீட்டுக் கொல்லையிலிருந்து வந்தது. சேம்பை மலாய்க்காரர் கிராமமான கம்பத்தில் கேட்டு வாங்கினாள். அங்கே அதைக் கெலாடி என்பார்கள். வசம்புக்கு ஆற்றங்கரைச் சீனர் ஒருவரின் கீரைத் தோட்டத்துக்குப் போனாள். அவர்கள் பண்டிகை நாளில் வாசலில் கட்டுவதற்காக வைத்திருந்தார்கள். நமக்கோ பிள்ளை பிறந்தால் கையில் கட்ட வசம்பு இல்லாமல் ஆகாது. ஒரு கூடை கிழங்கைத் தலையில் சுமந்து வந்து, “பாத்தியா, பிள்ளவளர்ப்பான் கெடச்சிருச்சு” என்று என்னிடம் காட்டினாள். நம் பெண்கள் வசம்புக்கு வைத்திருக்கும் பெயர் அது.

எங்கே எதை வைப்பது என்பதில் துரைசாணிக்கும் அவளுக்கும் ஒரே ஒரு சண்டைதான் வந்தது. அதற்கு முந்தின நாள் அவள் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். பாப்பாவுக்கு அப்போது ஒரு வயது ஆகவில்லை. தவழும்.

“தங்கச்சி, பாப்பாவ மேட்டுல எறக்கி விடு. எங்க போவுதுன்னு பாப்போம்” என்றாள்.

இறக்கி விட்டேன். பாப்பா நாலா பக்கமும் பார்த்தது. தண்ணீர் வெயிலில் மின்னியது. வேறு எந்தப் பக்கமும் திரும்பாமல் நேராக அதை நோக்கித் தவழ்ந்தது. மறுபடி தூக்கிவந்து விட்டேன், மறுபடியும் அதே வழி. மூன்றாவது தரமும் அப்படியே. சேத்தக்கா போய் அந்த வழி கரையைத் தொடும் இடத்தில் ஒரு குச்சியை நட்டாள். பத்தடி அகலம் இருக்கும் அந்த இடம்.

அந்த இடத்தில்தான் துரைசாணிக்கு ஒன்றுமே வேண்டாம். தாழ்வாரத்தில் உட்கார்ந்தால் தண்ணீர் நேராகத் தெரியும் வழி அது. கம்பி வேலி என்றால் சிறைச்சாலை போல இருக்கும் என்று முன்பே சொல்லிவிட்டார். சேத்தக்கா விடவில்லை. இரண்டு பக்கமும் கல்வாழை சிவப்பாகப் பூக்கும், நடுவில் வசம்பு பாப்பாவின் கழுத்தளவுக்கு மேல் வளராது, உட்கார்ந்தாலும் உங்களுக்குத் தண்ணீர் தெரியும் என்று தாழ்வாரத்துக்கே போய், வாசலில் நின்று, கையால் அளவு காட்டிப் பேசினாள். பாப்பாவை இறக்கி விட்டதைச் சொன்னால் என் வேலைக்கு ஆபத்து என்று அதை மட்டும் சொல்லவில்லை. கடைசியில் துரைசாணி, “பூக்காத புல்லை எதற்காக இவ்வளவு விரும்புகிறாய்?” என்று கேட்டுவிட்டு விட்டுக்கொடுத்தார். சேத்தக்கா சாணுக்கு ஒரு கிழங்காக, நாலு வரிசை நட்டாள். சில மாதத்தில் விரல் நுழைய முடியாமல் அடைத்துக்கொண்டது.

எனக்கு அப்போது ஒரு சந்தேகம். எல்லாருக்கும் வரக்கூடிய சந்தேகம்தான். ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“அக்கா, ஒனக்கு எப்பவாச்சும்… பிள்ள ஏதும் தண்ணியில…”

“அட போ புள்ள!” என்று என் தோளில் சேற்றுக் கையால் ஒரு அடி வைத்தாள். “எனக்கு மூணு. மூணும் மலமாடாட்டம் இருக்குதுங்க. வீட்டுல ஒண்ணு செத்தாத்தான் அடுத்தவங்க பிள்ளயப் பாக்கணுமா?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எல்லாருக்கும் அவளைப் பிடித்திருந்தது என்று சொன்னால் பொய். அவளோடு எங்கும் சீக்கிரம் போய்ச் சேர முடியாது. கூலிகள் குடியிருந்த லயத்துக்குப் போகும் வழியில் வாய்க்காலுக்கு மேல் ஒரு பலகை கிடக்கும். மழை பெய்து வெள்ளம் வந்தால், பெண்கள் எல்லாரையும் இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, இவள் மட்டும் முதலில் அக்கரைக்குப் போய், திரும்பி வந்து, அதற்குப் பிறகுதான் மற்றவர்களை விடுவாள். ஒரு நாள் பலகை சரியில்லை என்று மொத்தக் கும்பலையும் சுற்று வழியில் நடக்கவைத்தாள். கங்காணி வாய்க்கு வந்தபடி ஏசினார். அந்தப் பலகை அன்றும் முறியவில்லை, அதற்குப் பிறகு இரண்டு மழைக்கும் முறியவில்லை. “தீமிதிக்கு எறங்கினாலும் சேத்தக்கா மொதல்ல ஒத்தக் கால விட்டுப் பாத்துட்டுத்தான் எறங்குவா” என்று லயமே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். மறுநாளும் பலகையில் முதலில் ஏறினாள்.

பாப்பாவுக்கு இரண்டு வயது நெருங்கியபோது, தோட்டத்தைப் பார்வையிடச் சிங்கப்பூரிலிருந்து கம்பெனித் துரைமார்கள் வருவதாகச் செய்தி வந்தது. மத்தியானம் பங்களாவில் தேநீர். துரைசாணி காலையிலிருந்து நிலைகொள்ளவில்லை. சேத்தக்காவுக்குக் காலில் அட்டை கடித்த இடம் பழுத்து வீங்கியிருந்தது. மருந்து கட்டிக்கொள்ள டிரஸ்ஸரிடம் போயிருந்தாள். புல்லுவெட்டு கும்பலிலிருந்து ஆறு பெண்கள் பங்களாவைச் சுத்தம் பண்ண வந்தார்கள். துரைசாணி என்னைப் பார்த்து, “நீ அவர்களுக்குச் சொல்” என்று கையைக் குளத்துப் பக்கம் வீசிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பாப்பா இடுப்பில் இருந்தது. எனக்கு ஆயிரம் வேலை. “கரையச் சுத்தம் பண்ணிடுங்க, ஒண்ணு விடாதீங்க” என்று மேட்டிலிருந்தே கத்திவிட்டு நானும் உள்ளே போனேன்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஒரே வேலையைச் செய்த கைகள். பூத்திருந்த கல்வாழையை விட்டுவிட்டார்கள். இலை அகலமான சேம்பையும் விட்டார்கள். நீட்டுநீட்டாகப் புல் மாதிரி நின்றதைப் பத்தடிக்கும் சுரண்டி எடுத்து, மண்ணை வழித்து மெழுகிவிட்டுப் போனார்கள். நான் வந்து பார்த்தேன். என் புத்தியை என்னவென்று சொல்வது! பளிச்சென்று லட்சணமாக இருக்கிறதே என்று நினைத்தேன்.

துரைமார்கள் வந்து தாழ்வாரத்தில் உட்கார்ந்த பிறகுதான் சேத்தக்கா திரும்பி வந்தாள். காலில் வெள்ளைவெளேரென்று புதுக்கட்டு. கரையைப் பார்த்தாள். மேட்டில் நின்ற என்னைப் பார்த்தாள். என் கைப்பிடியில் துள்ளிக்கொண்டிருந்த பாப்பாவைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. பாப்பாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அவள் நொண்டிக்கொண்டே போய், வழித்துவிட்டிருந்த அந்த இடத்தின் நடுவில், தண்ணீருக்கு முதுகைக் காட்டி, காலை அகல நீட்டிச் சேற்றில் உட்கார்ந்துகொண்டாள். புதுக்கட்டு கண்ணெதிரே கறுத்தது.

தாழ்வாரத்தில் இருந்த துரைமார்கள் கேலி பேசிச் சிரித்தார்கள். துரைசாணியின் முகம் சிவந்தது. சமையல்காரச் சீனரை அனுப்பி எழுந்து போகச் சொன்னார். “கால் வலிக்குது தவுக்கே, எந்திரிக்க முடியல” என்றாள் அவள், சீன முதலாளிகளைக் கூப்பிடும் மரியாதையோடு. அவர் திரும்பி வந்து கையை விரித்தார். விருந்தாளிகள் முன்னால் அதற்கு மேல் கத்தவும் முடியவில்லை. அவள் இருந்தாள். வெயில் இறங்கும் வரை அப்படியே இருந்தாள்.

நான் பாப்பாவின் கையை விடக்கூடாது என்றுதான் இருந்தேன். விருந்துக்கு வந்த சீமாட்டி ஒருத்தி தேநீரை மடியில் கொட்டிக்கொண்டாள். துணி கொண்டு வா என்று துரைசாணி என்னைப் பார்த்துக் கத்தினார். நான் பாப்பாவை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு உள்ளே ஓடினேன். துணியோடு வெளியே வந்தபோது பாப்பா பாதிச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. அது நடக்கவில்லை, ஓடியது. சரிவு அதன் காலை நிற்க விடவில்லை. அதே பழைய வழி. புல்தரை முடிந்து வழித்த சேறு வந்ததும் சறுக்கி, சர்ரென்று போய்ச் சேத்தக்காவின் மடியில் விழுந்தது. அவள் எட்டிப் பிடிக்கக்கூட இல்லை. அவள் அங்கே இருந்தாள், அவ்வளவுதான். அவளுக்குப் பின்னால் இரண்டு முழத்தில் தண்ணீர்.

பாப்பா கைகொட்டிச் சிரித்து அவள் முகமெல்லாம் சேற்றை அப்பியது. தாழ்வாரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது மட்டும்தான் தெரிந்தது. வெள்ளைக் கவுன் முழுதும் சேறு. “அழுக்கு மனுஷி! என் குழந்தையைத் தொடாதே!” என்று துரைசாணி கத்தினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க நான் ஓடிப்போய்ப் பாப்பாவைத் தூக்கினேன். மறுநாள் காலை சேத்தக்காவைப் புல்லுவெட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். சேறு பட்ட புண்ணோடு அவள் நொண்டிக்கொண்டு, மலை என்று நாங்கள் சொல்லும் ரப்பர் காட்டுக்குப் போனதைத் தாழ்வாரத்தில் நின்று பார்த்தேன். நடந்ததை அப்போதும் யாரிடமும் சொல்லவில்லை. பயம்தான். வேறு சாக்கு எதுவும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனேன். அவள் வாசலில் காலை நீட்டி மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் உட்காரக்கூட இல்லை.

“அக்கா, நான்தான் வெட்டச் சொன்னேன்.”

“தெரியும்” என்றாள். “வழியிலேயே அவளுங்க சொன்னாளுங்க.”

“அப்ப ஏன் தொரைசாணிகிட்ட சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா பாப்பாவ உள்ள தூக்கிட்டுப் போயிருப்பாங்களே!”

“போயிருப்பாங்க. அடுத்த வார்த்த, யாரு வெட்டச் சொன்னதுன்னு கேப்பாங்க. நீ ஒம் மகளத் தூக்கிட்டு எங்க போவ?” பற்றை இன்னும் கொஞ்சம் வழித்துப் பூசினாள். “உக்காந்தா ஒரு மத்தியானந்தான போவும்.”

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவளுக்கு அழுகை பிடிக்காது. “அழாத. கெழங்கு உள்ளதான் கெடக்கு, மேலாலதான் சொரண்டியிருக்காளுங்க. மொள வரும். அது எழும்பற வரைக்கும் பாப்பாவ விட்டுறாத” என்று சொல்லி எனக்குக் கறுப்புக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அந்தக் காப்பியின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

மறுநாள் முதல், பாப்பாவை வெளியே விடும் நேரமெல்லாம் நான் அந்தப் பத்தடியில் போய் உட்கார்ந்தேன். முதலில் கல் ஒன்றைப் போட்டு உட்கார்ந்தேன். கல் புதைந்துவிட்டது. பிறகு சேற்றிலேயே உட்கார்ந்தேன். மூன்றாம் வாரம் பச்சையாக முனைகள் தெரிந்தன. புடவை கறையானது, இடுப்பு பிடித்துக்கொண்டது. சமையல்காரர் என்னையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். வசம்பு பாப்பாவின் முழங்காலுக்கு வந்தது, பிறகு இடுப்புக்கு வந்தது. ஒரு நாள் மத்தியானம் துரைசாணி குடையோடு இறங்கி வந்தார்.

“ஆயா, நீ இங்கே என்ன செய்கிறாய்?”

எப்படித்தான் அந்த வார்த்தை வந்ததோ தெரியவில்லை.

“மண்ணப் பாக்கறேன் தொரைசாணி” என்றேன்.

பிறகு நிறுத்த முடியவில்லை. பாப்பாவை மேட்டில் மூன்று தரம் இறக்கி விட்டது, குச்சி நட்டது, நான் மேட்டிலிருந்து கத்தியது, அவள் ஏன் அன்றைக்கு எழுந்திருக்கவில்லை என்பது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அனுப்பினால் அனுப்பட்டும் என்று இருந்தது. துரைசாணி செருப்பைக் கழற்றினார். வெள்ளைக் காலை என் பக்கத்தில் வைத்தார். கணுக்கால் வரை புதைந்தது. அங்கே நின்றபடி தாழ்வாரத்தைத் திரும்பிப் பார்த்தார், பின்னால் தண்ணீரைப் பார்த்தார்.

“அவள் இந்த இடத்தில்தான் உட்கார்ந்தாளா?”

“ஆமா தொரைசாணி.”

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பாப்பாவை மறு கையில் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் துணிமணிகளை மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் வழக்கம்போல் சேற்றில் உட்கார்ந்திருந்தேன். சரிவில் நொண்டி நொண்டி ஒரு உருவம் இறங்கி வந்தது. சேத்தக்கா! தோளில் மண்வெட்டி. துரைசாணியே லயத்துக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டாராம். அவள் நேராக வந்து வசம்புக்கு நடுவில் ஒரு காலை விட்டு அழுத்திப் பார்த்தாள். எடுத்தாள். தடத்தில் தண்ணீர் நிரம்புவதைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள். முழங்கால் வரை சேறு, பாதி காய்ந்தது, பாதி காயாதது.

“எத்தன நாளா உக்காந்திருக்க?”

“ஒங்கிட்ட காப்பி குடிச்ச மறுநாள்லேருந்து.”

அவள் குனிந்து, எனக்குக் கை கொடுத்தாள்.

“சரி, எந்திரி தங்கச்சி. இனிமே அது பாத்துக்கும்.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.